ரமலான் முதல் வாரத்தில் மல்சூக்கா ஆர்டர் எடுப்பவர்களுக்கு

துனீசியாவில் வீட்டிலிருந்தபடியே சமைத்துக் கொடுக்கத் தொடங்கியிருப்பவர்கள், அதிலும் நம் ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள், ரமலானுக்கு பிரீக், அதாவது மல்சூக்கா என்ற மெல்லிய உறையில் பூரணம் வைத்துப் பொரிக்கும் பண்டம், ஆர்டர் எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் எடுத்தேன். கையிலிருந்து 150 தினார் போயிற்று. நம் பணத்தில் 4,000 ரூபாய்க்கு மேல். ஓர் இரவுத் தூக்கமும் வலது மணிக்கட்டும் போனது தனிக் கணக்கு. தொகை ஒன்றும் பெரிதில்லைதான். ஆனால் அந்த நேரத்தில் 'இப்படிச் செய், அப்படிச் செய்யாதே' என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. யூடியூபில் பார்த்தால் எல்லோரும் மெல்லிய உறையைச் சிரித்துக்கொண்டே உரித்தெடுக்கிறார்கள். நமக்கு ஏன் அது கிழிகிறது என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

முதலில் நாங்கள் எப்படி இங்கே வந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் தூத்துக்குடியில் உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். துனீசியாவில் பாஸ்பேட் பெரிய தொழில். கஃப்ஸா பக்கம் சுரங்கம், கடலோரத்தில் காபெஸ், ஸ்கீரா பக்கம் ஆலைகள். இந்தியக் கம்பெனிகளுக்கும் இதில் பங்கு உண்டு என்பதால் நம்மவர்கள் சிலர் இந்தப் பக்கம் வந்து போகிறார்கள். நாங்கள் வீடு பிடித்தது ஸ்ஃபாக்ஸ் நகரத்தில். அவர் ஷிஃப்டுக்குப் போனால் எனக்கு நாள் முழுக்கச் சும்மா இருக்கிற வேலை. அவருடைய சக ஊழியர்களுக்குக் கொடுத்தனுப்பிய சமோசா பிடித்துப்போய், அதை ஆர்டராகக் கேட்க ஆரம்பித்தார்கள். அப்படித்தான் இந்தத் தொழில் தொடங்கியது. ரமலான் நெருங்கியதும், 'சமோசா செய்கிறவருக்கு பிரீக் வராதா?' என்று ஓர் அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். அவர்களுடைய இஃப்தாருக்கு முட்டை வைத்த பிரீக் பத்து டசன், பாதாம் வைத்த ஸம்ஸா என்கிற இனிப்பு ஐந்து டசன், மொத்தம் 500 தினார் என்று பேசி முடித்தோம்.

பிரீக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மல்சூக்கா என்பது சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுப் பெரிய, வட்டமான, வெங்காயச் சருகு போன்ற உறை. வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் தெரியும். அதன் நடுவில் எண்ணெய் வடித்த டின் சூரை மீன், பார்ஸ்லி, கேப்பர் (உப்பில் ஊறிய சின்னப் பூமொட்டு), மசித்த உருளைக்கிழங்கு, கொஞ்சம் ஹரீஸா என்கிற மிளகாய் விழுது வைத்து, மேலே ஒரு பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, மடித்து உடனே எண்ணெயில் விடுவார்கள். வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே வெள்ளைக்கரு வெந்து மஞ்சள்கரு ஓடுகிற பதத்திலும் இருந்தால்தான் அது பிரீக். ரமலானில் நோன்பு திறக்கும் மேசையில் ஷோர்பா சூப்புக்குப் பக்கத்தில் தினமும் இது இருக்கும். பெண் கேட்டு வந்த மாப்பிள்ளைக்கு மாமியார் பிரீக் செய்து கொடுப்பாராம், மஞ்சள்கரு வழியாமல் சாப்பிட்டு முடித்தால்தான் பெண்ணாம். இந்தக் கதையை இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ சோதனை மாப்பிள்ளைக்கு இல்லை, செய்து கொடுத்த மாமியாருக்குத்தான் என்று படுகிறது.

இதே குடும்பத்து உறைதான் மொராக்கோவில் வர்க்கா. அங்கே பஸ்தீயா என்கிற கறி அடைத்த பண்டத்துக்கும் பிரிவாத் முக்கோணங்களுக்கும் போகிறது. அல்ஜீரியாவில் தியூல் என்பார்கள், பூரெக் சுற்றுவதற்கு. பிரான்ஸில் இருக்கும் நம்மவர்கள் சூப்பர் மார்க்கெட்டில் ஃபெய் த பிரிக் என்று, ஒவ்வொன்றுக்கும் இடையே காகிதம் வைத்துப் பத்துப் பத்தாக அடுக்கிய பாக்கெட்டில் பார்த்திருப்பீர்கள். நான் வரும்போது இது நம் சமோசா பட்டி மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். பார்வைக்குத்தான் ஒற்றுமை. பட்டியை இரண்டு மூன்று சப்பாத்தியாக எண்ணெயும் மாவும் தடவி அடுக்கி, சேர்த்துத் தேய்த்து, கல்லில் அரைவேக்காடு காட்டிப் பிரிக்கிறோம். மல்சூக்காவில் உருட்டுக்கட்டைக்கே வேலை கிடையாது. கையில் பிடித்த தளர்வான ஈர மாவைச் சூடான தட்டின் மேல் தட்டித் தட்டி எடுக்க, ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு மெல்லிய படலம் தட்டில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படலங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வட்டமாகும்போது உறை வெந்தும் முடிந்திருக்கும். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் பொப்பியா தோல் செய்வதைப் பார்த்திருந்தால் அதே கைவேலைதான். அதாவது கடையில் வாங்கும்போதே இது வெந்த பொருள். நூலளவு கனம் கூட இல்லாத வெந்த மாவு, காற்றுப் பட்டால் காய்ந்து நொறுங்கும், ஈரம் பட்டால் கூழாகும். நான் பட்ட பாடு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

ரமலானுக்கு முந்தைய வாரங்களில் வீடுகளில் பெண்கள் கானூன் என்கிற மண் அடுப்பில் கரி போட்டு மல்சூக்கா சுட்டு விற்கிறார்கள். கடைகளிலும் டசன் கணக்கில் கிடைக்கும். எனக்கு பதினைந்து டசன் வேண்டும் என்பதால் ஒரு கடையில் முன்பணம் முழுவதும் கொடுத்து, விருந்துக்கு முதல் நாள் மாலை தரும்படி சொல்லியிருந்தேன். 2025இல் துனீசியாவில் ரமலான் மார்ச் தொடக்கத்தில் வந்தது. விருந்து அந்த முதல் வாரத்திலேயே. பின்னால் அனுபவத்தில் தெரிந்தது, வருஷத்திலேயே மல்சூக்காவுக்கு அதிகக் கிராக்கி அந்த ஏழு நாளில்தான். கடைசி வாரத்தில் ஆட்கள் இனிப்பு செய்யப் போய்விடுவார்கள், உறை சும்மா கிடக்கும். ஆர்டர் கொடுப்பவரிடம் தேதி பேசும்போதே இது தெரிந்திருந்தால் விலையாவது சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

பொட்டலம் வந்தது. பிளாஸ்டிக் உறையைத் தொட்டபோதே வெதுவெதுவென்று இருந்தது. புதிதாகச் சுட்டது போல, நல்லதுதான் என்று சந்தோஷப்பட்டேன். இரவு எட்டு மணிக்குப் பிரித்தால் உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். சூட்டோடு கட்டிய பிளாஸ்டிக்கில் உறை வியர்த்து, ஒரு டசனும் ஒரே அப்பமாக ஒட்டிக் கிடந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு ஒரு துண்டு மட்டும் வந்தது. அடுத்த பொட்டலமும் அப்படியே. அடியில் இருந்த சிலவற்றில் வேறு பிரச்சினை. அவை எப்போதோ ஃப்ரீசரில் இருந்து இளகி, மறுபடி உறைந்து, மறுபடி இளகியவை போல நடுவில் பிசுபிசுவென்றும் ஓரத்தில் கண்ணாடி மாதிரியும் இருந்தன. மடித்தால் படக்கென்று உடைந்தன. எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். "யா மதாம், நான் கொடுக்கும்போது நன்றாகத்தானே இருந்தது" என்றார் கடைக்காரர். அதைத் தாண்டி ஒரு சொல் வாங்க முடியவில்லை. என் அரபு, சண்டை போடும் அளவுக்கு இன்னும் வரவில்லை. கோபம் வந்தால் தமிழ்தான் வருகிறது. தமிழிலேயே இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிட்டேன், மனசு கொஞ்சம் ஆறியது, பணம் வரவில்லை.

இந்த இடத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடையிலேயே பொட்டலத்தின் ஒரு மூலையைப் பிரித்துப் பார்க்கக் கேளுங்கள், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். மேலே உள்ள உறையின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கினால் தனியாக எழ வேண்டும். ஓரத்தை லேசாக மடித்துப் பார்த்தால் துணி மாதிரி மடங்க வேண்டும், சத்தம் வரக் கூடாது. உட்பக்கம் நீர்த்துளி இருந்தால் வாங்காதீர்கள், புளித்த வாடை இருந்தாலும் வேண்டாம். சூடாகத்தான் கிடைக்கிறதென்றால் பையைக் கட்டாமல் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் சுத்தமான துணி விரித்து அதன்மேல் பரப்பி, சூடு முழுக்க ஆறியபின் எண்ணெயை மேலோட்டமாகத் தொட்டுத் தடவி அடுக்கி, அதற்கப்புறம் பையைக் கட்டுங்கள். பெரிய ஆர்டர் என்றால் முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். ஒரே கடையை நம்பி இருக்காமல் இரண்டு இடத்தில் பாதிப் பாதியாகச் சொல்லி வையுங்கள்.

அன்று இரவு நகரம் முழுக்கத் தேடினேன். ரமலானில் இரவில்தான் கடைத்தெரு உயிரோடு இருக்கும் என்பதால் கடைகள் திறந்திருந்தன. மல்சூக்கா மட்டும் இல்லை. பழைய நகரத்தின் பாப் ஜெப்லி வாசல் பக்கம் ஒரு கடையில் மூன்று டசன் கிடைத்தது. சூப்பர் மார்க்கெட்டில் ஃபைலோ இருந்தது, அதையும் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். ஃபைலோ வேகாத பச்சை மாவு, பல அடுக்கு வைத்து நெய்யோ வெண்ணெயோ தடவிச் சுட்டால்தான் அழகு. பச்சை முட்டையை அதில் ஊற்றித் தூக்கினால் எண்ணெய்ச் சட்டிக்குப் போவதற்கு முன்பே அடி விட்டுவிடும். கணவருக்கு இரவு ஷிஃப்ட். வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். மறுநாள் மாலை அத்தனை பேர் நோன்பு திறக்க உட்காரும்போது மேசை காலியாக இருக்கும் என்று நினைத்ததும் போனை வைத்துவிட்டேன். சரி, நாமே செய்வோம் என்று ரவை டப்பாவைத் திறந்தேன்.

முதலில் இந்த ஊர் முறைப்படியே முயன்றேன். சன்ன ரவை, உப்பு, தண்ணீர். ரவையைப் பிசைந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அடித்து அடித்து, கையில் எடுத்தால் இழுபட்டுத் தொங்குகிற பதத்துக்குக் கொண்டு வர வேண்டும். அதன் பிறகு மணிக்கணக்கில் ஊற வேண்டும். எனக்கு மணிக்கணக்கு இல்லை. கவிழ்த்த தட்டின் மேல் தட்டினேன். சில இடத்தில் மாவு கட்டியாக ஒட்டிக்கொண்டது, சில இடத்தில் ஒட்டவே இல்லை, உள்ளங்கை சுட்டது. பழகிய பெண்கள் இதை எவ்வளவு வேகமாகச் செய்கிறார்கள் என்றால், கை தட்டைத் தொடுகிறதா என்றே தெரியாது. தொட்ட கணத்தில் எடுத்துவிடுவதால்தான் அவ்வளவு மெல்லிசாக வருகிறது. இது ஓர் இரவில் வருகிற கைவேலை இல்லை. மொராக்கோவில் இதற்கென்று ஈயம் பூசிய செம்புத் தட்டே வைத்திருக்கிறார்கள். நீங்களும் என்னைப் போல் நெருக்கடியில் இருந்தால் இந்த வழிக்குப் போகாதீர்கள், நேரம்தான் போகும்.

கை கொடுத்தது தூரிகை முறை. இன்று வீடுகளில் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். 250 கிராம் மைதா, ஒரு சிட்டிகைக்குச் சற்று அதிகமாக உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், சுமார் 400 மில்லி தண்ணீர். மிக்ஸியில் ஓட்டி, வடிகட்டி, குறைந்தது ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். வடிகட்டுவதைத் தவிர்க்காதீர்கள், ஒரு சின்னக் கட்டி போதும், உறையில் ஓட்டை விழும். பாலாடை மாதிரி இல்லாமல், தூரிகையில் எடுத்தால் ஒழுகவும் வேண்டும், தடவினால் நிற்கவும் வேண்டும், அந்தப் பதம். ஒட்டாத பூச்சுள்ள தட்டையான தவாவை எடுத்து, அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதன் வாயில் உட்கார்த்தி வைக்க வேண்டும். நேராக அடுப்புத் தீயில் வைத்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்துவிட்டேன். தூரிகை தொட்ட இடத்திலேயே மாவு வெந்துவிடுகிறது, அடுத்த இழுப்பில் வெந்ததைத் தூரிகை பிய்த்துக்கொண்டு வருகிறது. நீராவிச் சூடு மெதுவானது, தடவி முடிக்கும்வரை மாவு ஈரமாகவே இருந்து கொடுக்கிறது. ஒரு திசையில் ஒரு முறை, அதற்குக் குறுக்கே இன்னொரு முறை, இடைவெளி தெரிந்தால் அங்கே மட்டும் ஒரு தொடுதல். வெள்ளையாக இருப்பது கண்ணாடி போல் மாறி, ஓரம் தானாக எழும்பும்போது உரிக்கலாம். ஓரம் எழும்பவில்லை என்றால் கை வைக்காதீர்கள், இன்னும் அரை நிமிஷம் காத்திருங்கள். புரட்டிப் போட வேண்டியதில்லை.

ஓரம் முதலில் காய்ந்து வெடிப்பதுதான் இதில் பெரிய தொல்லை. அதனால் உரித்ததும் ஓரத்தைச் சுற்றி எண்ணெய் தொட்ட தூரிகையால் ஒரு வட்டம், பிறகு அடுக்கு, மேலே பிளாஸ்டிக் பை. ஈரத் துணியை நேராக உறையின் மேல் போடச் சொல்லிப் பல குறிப்புகளில் பார்த்தேன். கேட்டு நடந்தேன், மேலே இருந்த உறை துணியோடு வந்தது. ஈரத் துணி போட வேண்டுமென்றால் முதலில் பிளாஸ்டிக், அதற்கு மேலே துணி. தவாவைத் துடைக்கும்போதும் தண்ணீர்த் துணி வேண்டாம், எண்ணெய் தொட்ட காகிதம் போதும். அதுவும் பளபளப்பு தெரியாத அளவுக்கு. எண்ணெய் அதிகமானால் மாவு தடவவே முடியாது, நழுவி நழுவிக் குட்டையாக நிற்கும். இரண்டு தவா வைத்து மாற்றி மாற்றிச் செய்தேன். ஓர் உறைக்கு இரண்டு நிமிஷம் போகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு தவாவில் மணிக்கு முப்பதைத் தாண்டாது. பாத்திரத்துத் தண்ணீர் வற்றுகிறதா என்று வேறு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விடியலுக்கு முன் சாப்பிடும் ஸஹர் நேரத்துக்குக் கீழ்வீட்டில் விளக்கு எரிந்தது. அந்த வீட்டுக் காலா (நம் ஊரில் பெரியம்மா என்பது போல) கதவைத் தட்டி, என்ன வாசனை இந்நேரத்தில் என்று கேட்டுவிட்டு, உறையில் ஒன்றை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு யா பிந்தி (மகளே), ஆனா இது பிரீக்குக்கு முட்டையைத் தாங்காது, ரெண்டா வச்சு மடி" என்றார். அது அந்த இரவில் எனக்குக் கிடைத்த ஒரே யோசனை, ஆனால் எண்ணிக்கையை அப்படியே பாதியாக்கிவிட்டது.

விடிந்ததும் இருப்பதைப் பிரித்து வைத்தேன். வாங்கிய நல்ல மூன்று டசனும் என் கை உறையில் திடமானவையும் பிரீக்குக்கு. கடையிலிருந்து வந்த ஒட்டிய பொட்டலங்களைச் சூடான தவாவில் ஒரு கணம் காட்டிப் பிரித்ததில் பாதி முழுசாகவோ கிழிந்தோ கிடைத்தன. கிழிந்ததை எறியாதீர்கள். ஸம்ஸாவுக்கு உறையை மூன்று விரல் அகலப் பட்டையாகத்தான் வெட்டுகிறோம், ஓட்டை இல்லாத பகுதி ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டையாவது தேறும். பொடித்த பாதாமும் சர்க்கரையும் பூ நீரும் சேர்த்து முக்கோணமாக மடித்து, வெண்ணெய் தடவிச் சுட்டு, சூடாக இருக்கும்போதே ஆறிய பாகில் போட்டெடுத்து எள் தூவினேன். பாகும் சூடு, ஸம்ஸாவும் சூடு என்றால் தொளதொளத்துப் போகும். ஒன்று ஆறியிருக்க வேண்டும். ஸம்ஸா சில நாள் தாங்கும் பண்டம் என்பதால் அதை முதலிலேயே முடித்து வைத்துவிட முடிந்தது. இந்த முழு விவகாரத்தில் என்னைக் காப்பாற்றியது அது ஒன்றுதான்.

பிரீக்கில்தான் மாட்டிக்கொண்டேன். உள்ளே வைக்கும் பூரணத்தில் ஈரம் இருந்தால் உறை கால் மணி நேரத்தில் இளகிவிடும். உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, உரித்து, ஆவி போகும்வரை பரப்பி வைத்துத்தான் மசிக்க வேண்டும். டின் மீனை வடிகட்டியில் அழுத்திப் பிழிய வேண்டும். வெங்காயம் வதக்கினால் முழுக்க ஆற வேண்டும், ஆறாத பூரணம் உள்ளிருந்தே உறையை வேர்க்க வைக்கும். கேப்பர் உப்பு நீரில் ஊறியது, அதைத் துணியில் ஒற்றியெடுக்காமல் போட்டால் அந்த இடம் மட்டும் கிழியும். இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் பச்சை முட்டை வைத்த பிரீக்கை முன்கூட்டி மடித்து வைக்கவே முடியாது. மடித்த கையோடு எண்ணெய்க்குப் போக வேண்டும், எண்ணெயிலிருந்து நேராக மேசைக்குப் போக வேண்டும். பத்து டசன் முட்டை பிரீக்கை ஓரிடத்தில் பொரித்து இன்னோரிடத்தில் பரிமாறுவது என்பதே நடக்காத காரியம். ஆர்டர் கொடுத்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும் என்று நான் நினைத்தேன், செய்து கொடுப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் முட்டையை அவித்து நறுக்கிப் பூரணத்தோடு கலந்தேன்.

எண்ணெய் ஒரு தனிக் கதை. அரசாங்கம் மானியம் கொடுக்கும் சமையல் எண்ணெய் இங்கே சில வருஷங்களாகவே தட்டுப்பாடு. வந்த அன்றே தீர்ந்துவிடும். கடையில் விலை கொடுத்து மக்காச்சோள எண்ணெய் வாங்கினேன், கணக்கில் இல்லாத செலவு. பொரிக்கும்போது சூடு 180 டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. வெப்பமானி இல்லையென்றால் உறையின் ஒரு துணுக்கைப் போட்டுப் பாருங்கள், உடனே எழும்பிச் சில நொடியில் பொன்னிறமாக வேண்டும். கருகினால் சூடு அதிகம், அடியிலேயே கிடந்து எண்ணெய் குடித்தால் குறைவு. ஒரே நேரத்தில் நாலைந்து போட்டால் சூடு இறங்கி எல்லாமே எண்ணெய் குடிக்கும். இரண்டுக்கு மேல் வேண்டாம்.

அடுத்த அடி போக்குவரத்தில் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் ஸ்ஃபாக்ஸில் மாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் மேல், நோன்பு திறக்கும் மக்ரிப் பாங்கு. அதற்கு அரை மணி முன்பிருந்தே தெரு காலியாகத் தொடங்கும், டாக்சி ஒன்றும் நிற்காது, எல்லா ஓட்டுநரும் வீட்டுக்குப் பறக்கிறார்கள். பக்கத்துக் கட்டடத்துப் பையன் ஒருவன் காரில் கொண்டு போய் விடுவதாகச் சொல்லியிருந்தான். அவனும் பாங்குக்கு முன் வீடு திரும்ப வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கே கிளம்பச் சொன்னான். ஐந்துக்குக் கிளம்ப நாலரைக்குப் பொரித்து முடிக்க வேண்டும். சூட்டோடு அலுமினியப் பெட்டியில் அடுக்கி மூடினேன். மூடிய பெட்டிக்குள் ஆவி என்ன செய்யும் என்று முதல் நாள் மாலை பார்த்துவிட்டுத்தான் இருந்தேன், ஆனாலும் திறந்த தட்டில் காரில் கொண்டு போக வழியில்லை. அங்கே போய்ச் சேர்ந்தபோது மொறுமொறுப்பு போய், பேச்சுக்கு பிரீக் என்று ஒன்று இருந்தது. எண்ணிக்கை சொன்னதில் பாதிக்குச் சற்று மேல். முட்டை ஓடவில்லை. ஏற்பாடு செய்த அம்மாள் ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. ஸம்ஸாவை மட்டும் எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாகப் பிறகு சொல்லி அனுப்பினார்கள். 220 தினார் கொடுத்தார்கள். எனக்கான செலவு, கெட்டுப்போன உறைக்குக் கொடுத்தது, இரண்டாவது முறை வாங்கியது, எண்ணெய், பாதாம் எல்லாம் சேர்த்து 370. கொடுத்த 220ஐக் குறை சொல்ல மாட்டேன், அந்தத் தட்டுக்கு நானாக இருந்தால் அவ்வளவும் கொடுத்திருப்பேனா தெரியாது.

கீழ்வீட்டுக் காலாவிடம் இதைச் சொன்னபோது, "விருந்துக்கு யாராவது முட்டை பிரீக் அனுப்புவாங்களா? சுவாபா ஃபாத்மா சுத்தி அனுப்ப வேண்டியதுதானே" என்று சிரித்தார். விரல் போல நீளமாக உருட்டும் வகை அது. கோழிக்கறி, சீஸ், உருளைக்கிழங்கு, அவித்த முட்டை எதுவும் வைக்கலாம். வட்ட உறையைப் பாதியாக வெட்டி, பூரணத்தை ஓரத்தில் வைத்து, இரு பக்கமும் உள்ளே மடித்து இறுக்கமாக உருட்டி, முனையை மைதாப் பசையாலோ வெள்ளைக்கருவாலோ ஒட்டினால் போதும். உறை பல சுற்றாக வருவதால் கை உறையின் சின்ன ஓட்டைகூடத் தெரியாது. முன்னாடியே செய்து அடுக்கி வைக்கலாம், வெண்ணெய் தடவி ஓவனில் சுட்டும் எடுக்கலாம். அல்ஜீரிய வீடுகளில் பூரெக் செய்வதும் இப்படித்தான். முட்டை பிரீக்தான் வேண்டும் என்று யாராவது பிடிவாதமாகக் கேட்டால் இப்போது ஒரே பதில்தான் சொல்கிறேன்: அடுப்பும் சட்டியும் உங்கள் இடத்தில் கொடுங்கள், நான் வந்து சுடச்சுடப் போட்டுத் தருகிறேன், அதற்குத் தனிக் கூலி. இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் விரலுக்கு மாறிவிட்டார்கள்.

சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு ஆசைக்குச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: மேலே சொன்ன தூரிகை முறைக்கு நம் மைதாவே போதும். பொறுமை இல்லை என்றால் ஸ்பிரிங் ரோல் ஷீட் வாங்குங்கள், செய்முறையில் அது மல்சூக்காவுக்கு ஃபைலோவைவிட நெருங்கிய உறவு. பொரித்தால் கொஞ்சம் கொப்புளம் விடும், அவ்வளவுதான். சமோசா பட்டியில் முட்டை பிரீக் முயலாதீர்கள், அகலம் பத்தாது. ஃப்ரீசரில் வைத்த உறை என்றால் முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே இளக விட வேண்டும். வெளியே எடுத்து அவசரமாகப் பிரித்தால் காற்றின் ஈரம் உறைமேல் படிந்து ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை இளகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது, மீதி இருந்தால் அன்றே விரலாகச் சுற்றிவிடுங்கள். சுற்றியதைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறைய வைத்து, கல்லான பிறகு பையில் போடலாம். பொரிக்கும்போது அதை இளக விடாமல் ஃப்ரீசரிலிருந்து நேராக எண்ணெயில் போட வேண்டும், சூட்டைக் கொஞ்சம் குறைத்து. இளக விட்டால் உறை நனைந்து சட்டியிலேயே வாய் திறந்துவிடும்.